அளவெடுத்துச் செய்த கிட்டார்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சபதம் எடுத்தார். குறையே சொல்ல முடியாத பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றைத் தம் கையாலேயே செய்வது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் இசைக்குழுவில் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் போய் உட்காருவது. மீசை முளைத்த நாளிலிருந்து அவருக்கு மேடை ஆசை.

இந்தக் கிட்டார் மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். மேலே பத்துக் கம்பி. கீழே மிதிக்கப் பெடல், முழங்காலால் தள்ள நெம்புகோல். மிதித்தால் கம்பி இழுபட்டு, சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போகும்.

"எத்தனை பெடல்?" என்றாள் மனைவி, தையல் மிஷினை விட்டு எழாமலே.

"எட்டு."

"உங்களுக்கு எத்தனை கால்?"

மெக்கானிக் பொறுத்துக்கொண்டார். வேலைக்கு வீட்டு ஹாலைப் பிடிக்க அவள் சம்மதம் வேண்டுமே! வேலையில் பங்கு கொடுத்துவிட்டால் வாய் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டார்.

"நீ உக்காரு. நான் அளவு எடுத்துக்கறேன்."

உடனே வந்து உட்கார்ந்தாள். பாவம், ஏமாந்துவிட்டாளே என்று அவருக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

"பெடல் இன்னும் கிட்ட வரட்டும்."

"வந்தாச்சு."

"நெம்புகோல் வலது முழங்காலுக்கு. என் மிஷின்ல அப்படித்தான்."

"சபாஷ்!"

ஊரில் தப்பு செய்தவன்தான் கம்பி எண்ணுவான். இவர் ஒரு தப்பும் செய்யாமல் மாதக்கணக்கில் எண்ணினார்.

கிட்டார் தயாரானதும் டாக்டர் வாசிப்பைக் கேட்க வந்தார். மெக்கானிக் கம்பீரமாக உட்கார்ந்தார். முழங்கால் உள்ளே நுழையவில்லை. நுழைத்தார். ஒரு பெடலை மிதித்தால் மூன்று இறங்கியது. கிளினிக்கில் தினமும் கேட்கிற அலறல் டாக்டருக்கு இங்கேயும் கேட்டது.

"கொஞ்சம் நகருங்க" என்று மனைவி உட்கார்ந்தாள். காலும் முழங்காலும் தானாக இடம் பிடித்தன. பாட்டு வழுக்கியது, குழைந்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம் நான் தைக்கிறேன்னா நெனச்சீங்க?"

"அளவெல்லாம் உன்னுதா!"

"நீங்கதானே எடுத்தீங்க?"

நாற்காலி அவளுக்கே என்றார் டாக்டர். மெக்கானிக் பொறாமைப்படப் பார்த்தார், முடியவில்லை. அவர் கட்டிய கம்பியல்லவா பாடுகிறது! நெஞ்சு நிறைந்துவிட்டது.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க. மேடையில என் பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிட்டேன்."

"நெஜமாவா? பக்க வாத்தியமா?"

"ஆமா. நான் வாசிக்க வாசிக்க, நீங்க நோட்டுல பக்கம் திருப்பணும்."