நேற்றும் கல், நாளையும் கல்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் வாயாலேயே வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். யாராவது வாயைத் திறந்தாலே வேலையை நிறுத்திவிடுகிற ஒரே ஆசாமி எங்கள் 'கொக்கி' அண்ணாத்தேதான். கூரைக்கடியில் ஓடும் கிரேனுக்கு அவர் ஆபரேட்டர். சொந்தப் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும்; கூட வேலை பார்க்கிற எனக்கே மறந்துவிட்டது.

எல்லாம் 'தோ'வால் வந்தது. நம்மாள் ஒருவர் கட்ட வேண்டிய தகட்டைக் காட்டி "தோ! தோ!" என்று கத்த, பீகாரிலிருந்து வந்த முன்னா இந்திக் கணக்கில் இரண்டு தகட்டைக் கட்டிவிட்டார். மேலே போன பாரம் ஊஞ்சலாடியது. கீழே நின்ற நாங்கள் சிதறி ஓடினோம்.

அன்றிலிருந்து டீ நேரமெல்லாம் முன்னாவிடம் விசாரணைதான். 'கல்' என்றால் இந்தியில் நேற்று என்றதும் அண்ணாத்தே தலையாட்டினார். நாளைக்கும் அதே சொல்தான் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நேத்தும் கல்லு, நாளைக்கும் கல்லு! அப்போ இன்னிக்கு இன்னா நைனா, பஞ்சா?"

'ஆம்' என்றால் மாம்பழம் என்று தெரிந்த அன்றே சட்டம் போட்டார்: கிரேனுக்குக் கீழே யாரும் பேசக் கூடாது. விரல் மேலே சுழன்றால் தூக்கு, கீழே சுழன்றால் இறக்கு. தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் கேட்டுக்கு வெளியே.

நசரத்பேட்டை வீட்டிலும் இதே சட்டம்தான் என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்.

"ரசம் ஊத்துன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்றாரு. வெரல சுத்திகினே குந்தினு கீறாரு. எனக்கு இன்னா கிரேனா ஓட்டத் தெரியும்?"

புதிதாக வந்த மேனேஜருக்கு இந்த ஊமை நாடகம் பிடிக்கவில்லை. "வாயால சொன்னா சீக்கிரம் முடியும்ல? இனிமே யாரும் கையாட்டக் கூடாது" என்றார்.

அண்ணாத்தே கிரேனிலிருந்து இறங்கி வந்தார். "எவனாவது நசுங்கிட்டா அவன் ஊட்டுக்கு எந்த பாஷைல சார் சொல்லுவீங்க? எனுக்கு வாணாம் இந்த வேல."

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். இந்த மனிதர் இல்லாத ஷெட்டில் எனக்கு என்ன வேலை?

முன்னா குறுக்கே ஓடி, உள்ளங்கையை விரித்து நீட்டினார். நிறுத்து! கிரேன் வேலையில் அந்தச் சைகையை மட்டும் யார் காட்டினாலும், கூட்டுகிற அம்மா காட்டினாலும், ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். அண்ணாத்தே அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தால், ஷெட்டே கையை நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் அசடு வழிய மேனேஜரின் கையும் நீண்டது.

"கைய எறக்குங்கடா, வலிக்கப் போவுது" என்றார் அண்ணாத்தே.

அவர் டிபன் கேரியரைக் கீழே வைக்கும்வரை ஒருவரும் இறக்கவில்லை. அவ்வளவு பிடிக்கும் எங்களுக்கு அவரை.