வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு

கிறிஸ்துமஸ் வரைக்கும் இனிப்பைத் தொடமாட்டேன் என்று அந்தோணியார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். பக்தியால் அல்ல, பயத்தால். என் மனைவி வெரோனிகா பக்கத்திலேயே நின்றாள்.

எல்லாம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்துதான். அவர் என் சுகரைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். வெரோனிகா காது கொடுத்துக் கேட்டாள். நான் அவர் தலைக்குமேல் தொங்கிய பேக்கரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தம் போட்டாள். ஏழு நாள் காலையில் வெறும் வயிற்றில் என் விரலைக் குத்தி சுகர் பார்ப்பாள். ஒருநாளும் நூற்று முப்பதைத் தாண்டக்கூடாது. ஜெயித்தால் பண்டிகையன்று ஒரு துண்டு கேக். சும்மா கேக்கா அது! அக்டோபரிலிருந்து ஜாடியில் ரம் ஊற்றி ஊறுகிற திராட்சையும் முந்திரியும் போட்டு அவளே செய்வது. அதற்காக எங்கள் கருவடிக்குப்பத்திலிருந்து கடற்கரை வரைக்கும் முட்டி போட்டே போவேன்.

ஆறு நாள் ஜெயித்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு இராமதாஸ் கூப்பிட்டான்.

"அல்போன்சு, வாய்யா! ஆதிலட்சுமி கேசரி கிண்டியிருக்கா."

அவன் மனைவி கைப்பக்குவம்; நெய் வாசனை தெருவைத் தாண்டி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. போனேன், தின்றேன். ராத்திரி பட்டினி கிடந்தால் காலைக்குள் சரியாகிவிடும் என்று திட்டம். வயிறு மந்தம் என்று சொல்லி, தோசையைத் தொடாமல் படுத்துவிட்டேன். என்ன மூளை எனக்கு!

காலையில் மெஷின் 168 காட்டியது.

"இன்னாங்க இது?"

"மெஷின் கெட்டுப்போச்சு."

"என் வெரல்ல குத்திப் பாத்தேன், தொண்ணூறுதான் காட்டுது."

"சத்தியமா ராத்திரி ஒருவாய் திங்கல வெரோ!"

"அப்ப சக்கர எங்கேர்ந்து வந்துச்சு? கேக் ஜாடில கைய உட்டீங்களா?"

ஐயோ! எனக்குத் திராட்சைத் திருடன் பட்டமா? ரத்தம் கொதித்தது.

"மாதா சாட்சியா ஜாடியத் தொடல! நேத்து சாயங்காலம் இராமதாஸ் ஊட்ல கேசரி தின்னேன், அவ்ளோதான். வேணும்னா ஆதிலட்சுமியக் கேளு!"

"எவ்ளோ தின்னீங்க?"

"ரெண்டு தட்டு." உண்மை பேசுகிற ஆவேசத்தில் மூன்றாவது தட்டையும் சொல்லிவிட்டேன்.

வெரோனிகா நிதானமாக மெஷினை உறையில் போட்டாள்.

"ஜாடி பீரோவுல பூட்டியிருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. சும்மா கேட்டுப் பாத்தேன். டாக்டர் அன்னிக்கே சொன்னாருல்ல? ராத்திரி பூரா வயித்தக் காயப்போட்டாலும், விடியக்காலைல ஈரலே ரத்தத்துல சக்கரைய எறக்கி உடுமாம். அத அடக்குற இன்சுலின் உங்க ஒடம்புல சரியா வேல செய்யலியாம். பாவம், ஒருநாள் ஏறினா மன்னிச்சிடலாம்னுதான் இருந்தேன்."

"அப்ப கேக் குடுத்திருப்பியா?"

"பெரிய துண்டா குடுத்திருப்பேன். கேசரி கதைய நீங்கதான சொன்னீங்க?"

பண்டிகையன்று கேக் என் கைக்கு வரத்தான் செய்தது, மூடிபோட்ட தட்டில்.

"இராமதாஸ் ஊட்ல குடுத்துட்டு வாங்க," என்றாள்.

வாசலைத் தாண்டி, மெல்ல மூடியில் கை வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பன்னெண்டு துண்டு. ஆதிலட்சுமிக்கு போன்ல சொல்லிட்டேன்!"