மங்குஸ்தான் ஊட்டிய கப்பல்

வெளிநாட்டுக் கப்பலில் போயிருக்கிறேன் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள். சிரிப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் கண்டவனும், பி.ஏ. முடித்தவனும் நான்தான். அப்பாவின் சிநேகிதரான அண்ணாச்சி ஒருவர், தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குப் படகில் போய்க் காய்கறி, முட்டை விற்றுவந்தார். "இங்கிலீஷ் பேச ஆளு வேணும். ஒருநாள் வரட்டும், சரிப்பட்டா வச்சுக்கிடுதேன்" என்றார். நான் பஸ் ஏறுவதற்குள் அப்பா எங்கள் தென்காசிப் பக்கம் வடகரையிலிருந்து கடையம்வரை சொல்லிவிட்டார், "மவனுக்குக் கப்பல் உத்தியோகம்."

குற்றாலத்தில் சீசன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஐந்தருவிக் கடையில் ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கிப் போனேன். அண்ணாச்சி அதையும் படகில் ஏற்றினார்.

கிரேக்கக் கப்பல் ஒன்றிலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. பழத்தை வைத்து அனுப்பினோம். ஒரு மாலுமி கசக்கும் தடித்தோலோடு கடித்தான். (குற்றாலத்துக்குப் புதிதாக வரும் மெட்ராஸ்காரர்களும் அப்படித்தான்.) துப்பினான். பழங்கள் எங்கள் தலையைக் குறிபார்த்துத் திரும்பி வந்தன.

"ஏதாவது பேசுலே, படிச்சவம்லா" என்றார் அண்ணாச்சி.

எழுந்து நின்று, "ரெஸ்பெக்டட் சார், ஐ பெக் டு ஸ்டேட்" என்று ஆரம்பித்தேன். (லீவ் லெட்டர் தவிர வேறு இங்கிலீஷ் எனக்கு வாய்த்ததில்லை.) அவர்களுக்கு அதுவும் தெரியவில்லை.

செய்தே காட்டிவிடுவோம் என்று மிச்சப் பழக் கூடையோடு கப்பலில் தொங்கிய கயிற்றேணியில் ஏறினேன். பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அமுக்கிப் பிளந்து, வெள்ளைச் சுளையை ஒருவன் வாயில் போட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உடனே மற்றவர்களும் வாயைத் திறந்துகொண்டு வந்தார்கள். வேலை நிச்சயம் என்று பூரித்தபோது சங்கு ஊதியது. எட்டிப் பார்த்தால் அண்ணாச்சியின் படகு பின்னால் சிறுத்துக்கொண்டே போனது.

எங்கே போகிறோம்? யாரைக் கேட்டாலும் தோளைத் தட்டி வாயைத் திறந்தார்கள். அழுதேன். உரித்துக்கொண்டே அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கப்பல் ஒரு மேடையை ஒட்டி நின்றது. கிரேன், கட்டடம், ஜனங்கள். இறங்கி, முதலில் அகப்பட்ட சுமை தூக்குபவரைக் கும்பிட்டு, "விச் கன்ட்ரி, சார்?" என்றேன்.

"தூத்துக்குடிதாம் வே. நீரு எங்கருந்து வாரீரு?"

வெளியே காத்திருந்த கப்பலுக்கு உள்ளே இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "ஏறத் தெரியுது, எப்ப எறங்கணும்னு தெரியலயே" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நேரே தெருவுக்குப் போய், "லீவுல வந்திருக்கான்" என்று அறிவித்தார்.

பிறகு தென்காசியில் குமாஸ்தாவாகி, ஓய்வும் பெற்றேன். அன்று கழுத்தில் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகள் கேட்டாள்:

"லீவு எப்பப்பா முடியுது? அங்கன கப்பல் காத்துக் கெடக்கும்லா."