நான்காவது நடுவர்

எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டைக்கு நடுவர்கள் மூன்று பேர் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. நம்பாதீர்கள். நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சீருடை கிடையாது, அவரை யாரும் நியமிக்கவும் இல்லை. கூண்டுக்குப் பல ஆயிரம் மைல் தள்ளி, ஒரு சோபாவில் ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு, மடியில் தலையணை, தலையணைமேல் நோட்டுப் புத்தகம், காதில் பேனா என்று உட்கார்ந்து, அந்த மூன்று பேரும் போட்ட மதிப்பெண் தப்பு என்று சொல்வதற்காகவே பிறவி எடுத்தவர். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். இல்லையென்றால் எதிர்வீட்டில் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் "கொள்ளை! பட்டப்பகல் கொள்ளை!" என்று அலறல் கேட்டு, திருடன் வந்துவிட்டான் என்று கையில் கிடைத்த துடைப்பத்தோடு நீங்கள் ஓடியிருப்பீர்களே, அது அவர்தான்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் வம்பே இல்லை. யாரும் விழவில்லை என்றால்தான் வம்பு. ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்று நடுவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்த்து ஒருவர் கையைத் தூக்குவார்கள். ஆனால் ஒருவன் மேலே ஏறி உட்கார்ந்தே முழு ரவுண்டையும் ஓட்டியிருப்பான், இன்னொருவன் கீழே கிடந்தபடியே நறுக்கென்று நாலு குத்து விட்டிருப்பான். யாருக்குப் பத்து? கடவுளே இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னாலும், கடவுளுக்குக் கண் பரிசோதனை தேவை என்பார் நம் நான்காவது நடுவர்.

எனக்குத் தெரிந்தவர் உண்மையிலேயே கண் பரிசோதிப்பவர். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். கீழே தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுவதும் ஊராரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "மேல் வரியைப் படிங்க, அடுத்த வரியைப் படிங்க" என்று கேட்பதுதான் தொழில். ஆகவே நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல அவருக்குத் தொழில்முறை உரிமையும் உண்டு. அந்த உரிமையை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

அவருடைய கொள்கைகள் இரண்டு. அவருக்குப் பிடித்த வீரன் மேலே உட்கார்ந்திருந்தால், "அடி என்னங்க அடி? கன்ட்ரோல் யார்கிட்ட இருக்கு, அதைப் பாருங்க!" அதே வீரன் அடுத்த மாதம் கீழே கிடந்தால், "கன்ட்ரோல் என்னங்க கன்ட்ரோல்? மேலே ஏறி உட்கார்ந்தா போதுமா, அடி எங்க?" இரண்டையும் ஒரே உறுதியோடு, ஒரே சோபாவிலிருந்து, ஒரே தலையணையைக் குத்திக்கொண்டே சொல்வார். இரண்டாவது ரவுண்டு நடக்கும்போது தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போவார். திரும்பி வந்து இரண்டாவது ரவுண்டுக்கும் மதிப்பெண் போடுவார். பார்க்கவில்லையே என்று கேட்டால், "சத்தத்திலேயே தெரியும்" என்பார். தெரியத்தான் செய்யும், பதினைந்து வருட அனுபவம் ஆயிற்றே!

இந்தப் பழக்கம் சண்டையோடு நின்றால் பரவாயில்லை. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் யார் முதலில் வந்தது என்று தகராறு செய்தால் இவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "முதல் ரவுண்டு அந்தம்மாவுக்கு" என்பார். மைத்துனரும் மனைவியும் ஏதோ குடும்ப விஷயமாகக் கத்திக்கொண்டிருந்தால், சமாதானம் செய்ய வேண்டிய மனிதர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். அவர் மனைவிக்கும் அவருக்கும் சண்டை வந்தால் நடுவர் யார் என்று கேட்கிறீர்களா? அதுவும் அவரேதான். முப்பது–இருபத்தேழு. ஒருமித்த தீர்ப்பு.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் உண்மையான நாற்காலி கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது. நானே கண்ணாரக் கண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உள்விளையாட்டரங்கம் ஒன்றில் அமெச்சூர் போட்டி. நான் போவதாக இருந்தேன். சும்மா இருக்காமல் அவரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். முதல் நான்கு சண்டைகளில் நான்கு கொள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து அவர் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர்கள் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, மூன்று நடுவர்களில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து முகம் பூசணிக்காயாய் வீங்கிவிட, அவர் பல் மருத்துவரைத் தேடி ஓடிவிட்டார். போட்டியை நடத்தும் பயிற்சியாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார், பிறகு நேராக எங்கள் வரிசைக்கு வந்து நின்றார்.

"சார், நாலு சண்டையா நீங்க கத்துறதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். விதியெல்லாம் தெரியுமா?"

"பக்கம் பக்கமா ஒப்பிக்கவா?"

"ஒப்பிக்க வேணாம். வந்து உட்காருங்க."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிச் சிரிக்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அடுத்தது சாதாரணச் சண்டையும் அல்ல. பெண்கள் பிரிவின் இறுதிச் சுற்று. வெல்பவருக்கு நாட்டின் அணிக்கான பயிற்சி முகாமில் இடம். இருந்தது ஒரே இடம். சிவப்பு மூலையில் ஒரு பள்ளி விளையாட்டு ஆசிரியை. நீல மூலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் பெண். பகலில் ஊசியால் எடுப்பாள், மாலையில் கையால். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இன்று இல்லையென்றால் இனி இல்லை.

நம்மவர் உட்கார்ந்தார். முதுகில்லாத ஸ்டூல். தலையணை இல்லை. காதோரம் வர்ணனையாளர் இல்லை. முதல் ரவுண்டு ஆரம்பித்தது, முடிந்தது. அதில் பாதி நேரம் அவர் கண்டது கூண்டுக்குள் நின்று சண்டையை நடத்தும் ரெஃப்ரியின் முதுகு. மணி அடித்ததும் சீட்டு சேகரிக்கும் அம்மா வந்து கையை நீட்டினார்.

"இருங்கம்மா, ரீப்ளே எங்க வரும்?"

"எங்கயும் வராது. எழுதிக் கொடுங்க."

"ஸ்லோ மோஷன்?"

"சார், எழுதுங்க."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்திருக்கும் மனிதருக்கு. ஆனாலும் எழுதினார். மூன்று ரவுண்டுக்கும் மூன்று சீட்டு. முதல் ரவுண்டு ஆசிரியையுடையது. ரத்தக்காரியைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தே விட்டாள். இரண்டாவது ரத்தக்காரியுடையது, உதைத்த உதையில் ஆசிரியை நொண்ட ஆரம்பித்தாள். மூன்றாவது? ஆசிரியை கொஞ்ச நேரம் அவளைக் கூண்டுக் கம்பியில் சாய்த்து வைத்திருந்தாள். பிறகு வந்ததே கடைசி நாற்பது நொடி! நம் பெண் ஒரு தோளை அசைத்து விடுவித்துக்கொண்டு, ஒரு அடி விலகி, இடக்கையால் ஒன்று, வலக்கையால் ஒன்று, மறுபடி இடக்கை என்று அளந்து அளந்து கொடுத்தாள் பாருங்கள், ஆசிரியையின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, அரங்கம் எழுந்து நின்றது, எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மணி மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஆசிரியையைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

அறிவிப்பு வந்தது. ஒரு நடுவர் நீலம். ஒரு நடுவர் சிவப்பு. மூன்றாவது நடுவர், இருபத்தொன்பது–இருபத்தெட்டு... சிவப்பு!

ஆசிரியையின் கையைத் தூக்கினார்கள். ரத்தக்காரி கூண்டுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே நொடியில் ஸ்டூலை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஒருவர் எழுந்தார்.

"கொள்ளை! பட்டப்பகல் கொள்ளை! எந்தக் குருட்டுப்பய போட்டான் அந்தச் சீட்டை? இங்க கொண்டாங்க, நான் பார்க்கணும்!"

சீட்டு சேகரிக்கும் அம்மா கொண்டுவந்தார்.

"நீங்கதான் சார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நடந்தது இதுதான். தொலைக்காட்சியில் பதினைந்து வருடமாக அவர் பார்த்த சண்டைகளிலெல்லாம் சிவப்பு மூலை இடப்பக்கம். சீட்டிலும் சிவப்பு இடப்பக்கம். ஆனால் அவர் உட்கார்ந்ததோ கேமராவுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் நீலம்தான் இடது. மனிதர் சோபாப் பழக்கத்தில் இடது கைப் பக்க மூலைக்காரிக்கு இடது கட்டத்திலும், வலது கைப் பக்க மூலைக்காரிக்கு வலது கட்டத்திலும் எழுதித் தள்ளிவிட்டார். மூன்று சீட்டும் தலைகீழ். சீட்டின் மேல் வரியில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில், 'சிவப்பு' 'நீலம்' என்று அச்சடித்திருக்கிறது. ஊரையெல்லாம் மேல் வரி படிக்கச் சொல்கிறவர் அதைப் படிக்கவில்லை.

இதற்கு விதியில் வழி உண்டு. அரை மணி நேரத்துக்குள் நடுவரே 'சீட்டில் தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிவு மாறும். அரை மணி தாண்டினால் பிரம்மாவே வந்தாலும் மாறாது. ஒரு கையெழுத்துதானே, இரண்டு நொடி வேலை என்று நினைப்பீர்கள். நான்காவது நடுவர் இனத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த கை அது; ஒப்புக்கொள்ளப் பழகாத கை.

முதல் ஐந்து நிமிடம் சீட்டு அச்சடித்தவனைத் திட்டினார். அடுத்த ஐந்து நிமிடம் ஸ்டூலை அங்கே போட்டவனை. பிறகு யாரிடமோ கைப்பேசி வாங்கி வீடியோவைப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்கும்போது அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

"இருங்க இருங்க... இந்த இடத்தைப் பாருங்க. கம்பியில சாய்ச்சு வெச்சிருக்கா பாருங்க. கன்ட்ரோல் யார்கிட்ட? யோசிச்சா, நான் போட்டது சரின்னுதான் படுது!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடிய பிறகு கூடத்தையே திருப்பி வைக்கப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது. நான் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ரத்தக்காரி கண்ணில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, அடி வாங்கினது நான். மொத்தம் ஒம்பது நிமிஷம். ஒரு கையெழுத்துக்கு உங்களுக்கு அரை மணியாண்ணே?"

"அதில்லம்மா, சண்டைன்னா பல கோணம் இருக்கு..."

"இருக்கட்டும். உங்க கோணத்துல யாரு ஜெயிச்சா? அப்ப, அந்த நேரத்துல?"

மூன்றாவது வரிசையிலிருந்து இறங்கி வந்த அவர் மனைவி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவர் கையில் திணித்தார்.

"பதினெட்டு வருஷமா எனக்கு ஒரு ரவுண்டு கொடுத்ததில்ல நீங்க. இந்தப் பொண்ணுக்காவது கொடுங்க."

இருபத்தெட்டாவது நிமிடம் அவர் எழுதினார். 'சீட்டில் இடம் மாறிவிட்டது' என்று ஆரம்பித்ததைச் சீட்டு சேகரிக்கும் அம்மா அடிக்கச் சொல்லி, 'தவறு என்னுடையது' என்று எழுத வைத்தார். அவர் கடையில் மாட்டியிருக்கும் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரி அளவுக்குப் பொடி எழுத்து. ஆனாலும் எழுதினார். அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ரத்தக்காரியின் கையைத் தூக்கினார்கள். சிவப்பு மூலையில் ஆசிரியையின் கணவர் நாற்காலிமேல் ஏறி நின்று "கொள்ளை!" என்று கத்தினார், அவரும் ஏதோ ஒரு சோபாவிலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அதன்பின் இரண்டு ஞாயிறு எங்கள் மாடியில் சத்தமே இல்லை. மூன்றாவது ஞாயிறு, உதட்டுக்குள் முனகுவதுபோல், "கொள்ளையோ?" என்று கேட்டது.

சிரித்தீர்கள், சந்தோஷம். இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. மூன்றாவது ரவுண்டு யாருடையது? "நீலம்தான், இதிலென்ன சந்தேகம்!" என்கிறீர்கள். நீங்கள் அந்த அரங்கத்துக்கு வரவில்லை. வீடியோவும் பார்க்கவில்லை. மூன்று நடுவர்களில் ஒருவர், நல்ல கண் உள்ளவர், நேராக உட்கார்ந்து பார்த்து, அந்த ரவுண்டைச் சிவப்புக்குத்தான் கொடுத்தார். ஆசிரியை கூண்டுக் கம்பியில் சாய்த்து வைத்திருந்த 'கொஞ்ச நேரம்' உண்மையில் இரண்டு நிமிடத்துக்கு மேல். அதை நான் ஒரு வரியில் தாண்டிவிட்டேன், நாற்பது நொடியை நீட்டி முழக்கினேன். நீங்களோ சோபாவில் சாய்ந்தபடியே பத்துக்கு ஒன்பது போட்டு முடித்துவிட்டீர்கள்.

தப்பு உங்கள்மேல் மட்டும் இல்லை. மேல்மாடிக்காரரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லாமல் விட்டதை உங்களிடமாவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்: அந்த நீல மூலைப் பெண் என் சொந்த அக்கா மகள்.