மனுவை ஏத்துக்கிட்டாங்க

மூன்றாம் முறையாக எழுதிய பலகையும் தப்பாகப் போய்விட்டது என்பது, வாசலில் பெண்கள் ஆளுக்கொரு மனுவோடு நின்றதைப் பார்த்ததும் சாய்ராவுக்குப் புரிந்தது.

முதல் பலகையில் 'மனநல ஆலோசனை மையம்' என்று இருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில், அதைப் படித்தவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள். தன் பெண்ணைப் பார்க்க வருகிறவர்களும் அப்படியே ஒதுங்கிவிடுவார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் முனிரத்தினம் பயந்தார்.

'கவுன்சிலிங் சென்டர்' என்று மாற்றினாள். மறுநாளே சாலவாக்கத்திலிருந்து ஒருவர் மகனுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வந்து, இந்த மார்க்குக்கு எந்த இன்ஜினியரிங் காலேஜில் சீட் கிடைக்கும் என்று கேட்டார். இது மனசைப் பற்றிப் பேசுகிற இடம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப மனசுக்குப் புடிச்ச காலேஜாவே பாத்துக் குடும்மா" என்றார் அவர்.

கடைசியில் முனிரத்தினமே வழி சொன்னார். "ஆளப் போடும்மா. டாக்டருன்னா டாக்டரு, வக்கீலுன்னா வக்கீலு. நீ இன்னா?"

"கவுன்சிலர்."

அவரே பெயிண்டரைப் பிடித்து, பச்சை எழுத்தில் 'கவுன்சிலர் சாய்ரா' என்று எழுதவைத்தார். தெருவே வந்து நின்றது.

சாய்ராவை வேலைக்கு வைத்திருந்த காஞ்சிபுரம் டிரஸ்ட்டிலிருந்து மேலாளர் அனுப்ரியா சீக்கிரமே பார்வையிட வருவாள். மனசுவிட்டுப் பேச ஒருவர்கூட வரவில்லை என்றால் மையத்தை மூடிவிடுவார்கள். மூடினால், பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் அவளைப் பெற்ற அத்தா மஹபூப் பாஷா சொன்ன சொல்லை நிறைவேற்றிவிடுவார். வேலை நிலைக்கவில்லை என்றால் நிக்காஹ் என்பது பேச்சு. மாப்பிள்ளைகூடத் தயார். ஊருக்குப் பதற்றம் போக்கப் படித்தவளுக்கு உள்ளங்கை எந்நேரமும் ஈரமாகவே இருந்தது.

முதலில் உள்ளே வந்தவள் ஜெகதாம்பாள். மேசைமேல் மனுவை வைத்தாள். "கொயாயில தண்ணி வர்ல."

"நான் அந்தக் கவுன்சிலர் இல்லீங்கம்மா."

"அத்த அப்பால பாத்துக்கலாம். நீ மொதல்ல கேளு."

கேட்டாள். பேச்சு குழாயில் ஆரம்பித்துக் குடத்துக்குப் போனது. குடத்தோடு வரிசையில் நிற்கும்போது மூச்சு அடைக்கிறதாம், நெஞ்சு உரலில் இடிப்பதுபோல இடிக்கிறதாம். பெரிய பெண் தானாகவே ஒருவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து இப்படி. கௌரவம் போச்சு என்று வீட்டுக்காரர் அவள் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாது என்றுவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு, ஜெகதாம்பாள் மகளின் பெயரை மெதுவாக ஒருமுறை சொன்னாள். ருசி பார்ப்பதுபோல இருந்தது.

நினைப்பை மாற்று, மூச்சை எண்ணு என்று படித்ததெல்லாம் சாய்ராவுக்கு நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. "அந்த வலியத் தொரத்தாதீங்க. வந்தா வரட்டும்னு மொதல்ல அதை ஏத்துக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஜெகதாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "மனுவ ஏத்துக்கிட்டாங்க."

மறுநாள் வரிசை தெருமுனை தாண்டித் திரும்பியது.

சாய்ரா பதறிப்போய்ப் பலகையின் அடியில் 'வார்டு கவுன்சிலர் அல்ல' என்று எழுதவைத்தாள். "வார்டு இல்லியாம். அதுக்கும் மேலயாம்" என்று அடுத்த தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். தெருவிளக்கு எரியாத மனுவோடு வந்தவள், குடித்துவிட்டு வரும் மகன் அந்த இருட்டில் விழுந்து கிடப்பதைச் சொல்லி அழுதாள். சாக்கடை மனுவுக்குள் மாமியார் இருந்தாள். யாருடைய துக்கத்திலிருந்தும் குழாயையும் விளக்கையும் சாய்ராவால் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை. அவளுடைய பாடப்புத்தகத்தில் குழாயே கிடையாது. இந்தத் தெருவில் அது எல்லார் நெஞ்சுக்குள்ளும் இருந்தது.

மனசாட்சி உறுத்த, ஒருநாள் பெண்களோடு சேர்ந்து நடந்துபோய் மனுக்களைப் பேரூராட்சி ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். 'சாய்ரா தலைமையில் ஊர்வலம்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே நிஜக் கவுன்சிலர் எத்திராஜ் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

"எலெக்சன்ல நிக்கப் போறியாம்மா?"

இல்லவே இல்லை என்றாள். தன் வார்டிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார். வருகிறவர்கள் பெயரை வெளியே சொல்வதில்லை, அது ரகசியம் என்றாள்.

"ரகசியம்னா கட்சியேதான்" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் டிரஸ்ட்டுக்குப் போன் போட்டார்.

அனுப்ரியா சொன்ன தேதிக்கு முன்பே வந்து இறங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, இதெல்லாம் என்ன என்று கேட்டாள். சாய்ரா பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தாள். அரசியல் செய்கிறாள் என்ற பெயரைவிட, தோற்றுவிட்டாள் என்ற பெயர் மேல் என்று பட்டது. வலியை ஏற்றுக்கொள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன்னுடையதையும் ஏற்றுக்கொண்டாள்.

"கவுன்சிலிங்குக்குன்னு ஒருத்தர்கூட வரல மேடம். எல்லாரும் வார்டு கவுன்சிலர்னு நெனச்சு வந்தவங்க. எனக்குத்தான் திருப்பி அனுப்ப மனசு வரல."

அனுப்ரியா பெருமூச்சு விட்டாள். அப்படியென்றால் மையத்தை நடத்த முடியாது, சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்றாள். சாய்ரா சாவியை எடுத்து நீட்டினாள்.

கதவைத் திறந்ததும் வாசலில் ஜெகதாம்பாள் நின்றாள். கையில் புது மனு.

அனுப்ரியாவுக்கு என்ன தோன்றியதோ, அவளையே கேட்டாள். "ஏம்மா, இவங்கள வார்டு கவுன்சிலர்னு நெனச்சா தெனமும் வர்றீங்க?"

ஜெகதாம்பாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மனசு செரியில்லன்னு சொல்லிக்கினு வாசப்படி தாண்ட முடியுமா மேடம்? பைத்தியம்னுடுவாங்க. கையில மனு இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"அப்ப உங்க வார்டு கவுன்சிலர் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா? கண்ணாலம் ஆனதிலேர்ந்து அந்தாளுக்குத்தான் சோறாக்கிப் போட்டுக்கினு கீறேன்."