புகை வரும், யோசித்து வாங்கவும்

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் அவருக்குப் பேட்டரி என்று பெயர். சத்தம் இல்லை, புகை இல்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்று அவர் பேச ஆரம்பித்தால், விலாசம் கேட்க உள்ளே வந்த ஆள்கூட ஒரு ஸ்கூட்டரோடுதான் வெளியே போவார். அதே மனிதருக்குத் தெருவில் வேறு பெயர். ஞாயிறு காலையில் அவர் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து எழும்பும் நீலப் புகையைப் பார்த்துத் தெரு வைத்த பெயர், கொசு மருந்து.

காரணம், வாஷிங் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால் பரப்பி நின்ற டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக். மண்ணிலும் மேட்டிலும் குதிப்பதற்கென்றே செய்த வண்டி. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, சீட் என்று ஒன்று இருப்பதாக நம்பித்தான் உட்கார வேண்டும். ஊரே பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தது. நம் பேட்டரியோ ஆறு நாள் எதிர்காலத்தை விற்றுவிட்டு, ஏழாம் நாள் இறந்த காலத்தில் ஏறி ஊர்க்கோடி மண்மேட்டுக்குப் போய்விடுவார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தார். இதில் மிகை எதுவும் இல்லை.

வினை வந்தது ஒரு மூடியில்.

இந்த வண்டிக்குப் பெட்ரோலை அப்படியே ஊற்ற முடியாது. நாற்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலக்க வேண்டும். குறைந்தால் என்ஜினுக்குள் பிஸ்டன் சூடேறி இறுகிப்போகும். சரியாக அளக்க அவர் கண்டுபிடித்த சாமான், இருமல் மருந்து பாட்டிலின் மேல் கவிழ்த்திருக்கும் அளவு மூடி. ஐந்து, பத்து என்று கோடு போட்டு இதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. லிட்டருக்கு இரண்டரை மூடி. கலந்து முடித்ததும் துடைத்துவிட்டு பாட்டிலிலேயே திரும்பக் கவிழ்த்துவிடுவார். கழுவ மாட்டார். துடைப்பதும் கழுவுவதும் ஒன்றுதான் என்பது ஆண் குலத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அக்கா வந்திருந்தாங்க. ஒரே இருமல். மருந்து ஊத்திக் கொடுத்தேன்."

"நல்லதுதானே."

"வாயில வெச்சதும் துப்பிட்டாங்க. நான் விஷம் வெச்சிட்டேன்னு உங்க சொந்தக்காரங்க பதினோரு பேருக்கு போன் போட்டாங்க."

"இருமல்?"

"நின்னுடுச்சு."

"பார்த்தியா, அப்ப அந்த ஆயில்..."

"என்னங்க."

அந்த 'என்னங்க'வைக் கேட்டதும் அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார்.

"பதினஞ்சு வருஷமா மருந்துக்கடையில நிக்கறேன். ஒரு மாத்திரை மாத்திக் கொடுத்ததில்ல. வீட்டுல, சொந்த நாத்தனாருக்கு, என் கையால என்ஜின் ஆயில் கொடுத்திருக்கேன். அந்த வண்டி இந்த மாசத்துக்குள்ள போகணும்."

"போகட்டும்," என்றார் பேட்டரி, தியாகி போல. "நானே விளம்பரம் கொடுக்கறேன்."

"அதுல பொய் இருக்கக் கூடாது."

"ஒரு எழுத்து பொய் இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கு."

அன்று அவருக்கு உதித்த திட்டம், பாம்பும் சாகும் கம்பும் ஒடியாது வகை. உண்மையைச் சொல்லி இதுவரை யாரும் எதையும் விற்றதில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம். ஆகவே முழு உண்மையையும் எழுதுவது. மனைவி சொல்லைக் காப்பாற்றியதாகவும் ஆகும், வண்டி வீட்டைவிட்டு நகரவும் நகராது. உட்கார்ந்து மளமளவென்று எழுதினார்:

'பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் விற்பனைக்கு. புகை வரும். சத்தம் காதைக் கிழிக்கும். ஒவ்வொரு தடவையும் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில சமயம் அது திருப்பி மிதிக்கும். ரோட்டில் ஓட்ட முடியாது. ஒருமுறை பிஸ்டன் இறுகி நின்றுபோயிருக்கிறது. யோசித்து வாங்கவும்.'

கீழே மனைவியின் போன் நம்பரைப் போட்டார். ஒருத்தரும் கூப்பிடவில்லை என்பதை அவளே தன் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்குப் போன் நம்பரும் சேர்த்துக் கொடுத்தவர் இவர்தான்.

மறுநாள் மாலை மனைவி ஒரு சீட்டைப் பார்த்து, "இருபத்தி மூணு," என்றாள்.

"என்ன இருபத்தி மூணு?"

"போன்."

பேட்டரி சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "புகை வரும்னு தெளிவா எழுதியிருந்தேனே."

"நானும் அதைத்தான் கேட்டேன். அதுக்காகத்தான் மேடம் கூப்பிட்டேங்கறார் ஒரு பல் டாக்டர். புதுசு எதுலயும் அந்த வாசனையே இல்லையாம்."

"பிஸ்டன் இறுகினதை?"

"சொன்னேன். அப்ப புது பிஸ்டன் போட்டிருப்பீங்களே, ரொம்ப நல்லதுன்னார் ஒரு லாரி டிரைவர்."

"திருப்பி மிதிக்கும்னு?"

"ஒரு வக்கீல் அவர் முழங்கால் தழும்பை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். பழைய சிநேகிதமாம்."

"இவங்களுக்கெல்லாம் பைத்தியமா?" என்றார், அதே பைத்தியத்தில் அத்தனை பேருக்கும் மூத்தவர்.

"எங்க மருந்து டப்பாவுல தலைசுத்தல், வாந்தி, மயக்கம்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கும். அதைப் படிச்சிட்டு யாராவது வேண்டாம்னு வெச்சிட்டுப் போறாங்களா? இவ்வளவு செய்யுதுன்னா வீரியமான மருந்துன்னு வாங்கிட்டுப் போறாங்க."

அவர் விடவில்லை. விளம்பரத்தைத் திருத்தினார். 'முன்பக்க ஷாக்கில் ஆயில் கசியும். ஸ்டாண்ட் உடைந்தது. சீட் கல். ஓட்டியபின் இரண்டு நாள் கை நடுங்கும்.' இந்த முறை முப்பத்தெட்டுப் போன்.

அந்த வாரம் முழுவதும் மனைவியின் காதில் போன் இருந்தது. முதலில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசினாள். பிறகு இருபது நிமிஷம். சமையலறைக்குள்ளிருந்து துண்டு துண்டாகக் கேட்டது. "ஓ, அவ்வளவு லேசா? விழுந்தா நானே தூக்கிடலாமா?... மூணு ஸ்பேனர் போதுமா?... கம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது, கெட்டா வீட்டுலயே பிரிச்சுப் போட்டுடலாம், அப்படித்தானே?" பேட்டரி இதை அலுப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு மனசுக்குள் சிரித்தார். கல்யாணத்துக்கு முன் அவள் தன் அண்ணனுடைய கியர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியவள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? இத்தனை வருஷத்தில் அதை அவர் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் ஆளை முடிவு செய்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர் வர்றார். ரொம்ப உருகிப் பேசினார். பேர் மட்டும் சொல்ல மாட்டேங்கறார். வெளிய தெரிஞ்சா வேலைக்கு ஆபத்தாம்."

வாங்க வருபவன் திருடனாகவே இருந்தாலும் வண்டி போய்விடும். பேட்டரி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சனிக்கிழமை மாலை துணி காயப்போடுவதுபோல் பின்பக்கம் போய், டாங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் குழாயை மூடினார். கார்புரேட்டரில் மிச்சமிருந்ததையும் வடித்துவிட்டார். இனி என்ன மிதித்தாலும் அது முனகக்கூட முனகாது. ஸ்டார்ட் ஆகாத வண்டியை எந்தப் பைத்தியமும் வாங்க மாட்டான்.

ஞாயிறு காலை வந்த ஆள் வீட்டுக்குள் வந்தபிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடிக்க வேண்டுமே, கழற்றினார்.

ஷோரூம் மேனேஜர். பெட்ரோல் வாசனை பட்டாலே தனக்குக் குமட்டும் என்று திங்கள்தோறும் மீட்டிங்கில் சொல்பவர்.

"நீயா?" என்றார் மேனேஜர்.

"நீங்களா சார்?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்கள்.

"இது மார்க்கெட் ஆராய்ச்சிப்பா," என்றார் மேனேஜர். "எதிரி பலத்தைத் தெரிஞ்சுக்கணும்ல." இதைச் சொல்லும்போதே எழுந்து பின்பக்கம் போய்விட்டார். வண்டியின் டாங்கைத் தடவிய கை பெற்ற பிள்ளையைத் தடவுவதுபோல் இருந்தது.

பின்னாலிருந்த காலி மைதானத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேனேஜர் மிதித்தார். பதினோரு மிதி. சட்டை நனைந்தது. வண்டி ஊமையாக நின்றது.

"பழசு சார்," என்றார் பேட்டரி, துக்க வீட்டுக் குரலில். "நம்ம வண்டி மாதிரி வருமா? பட்டனைத் தொட்டா போதும்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்தாள். இரண்டு விரலால் பெட்ரோல் குழாயைத் திருப்பினாள். "பத்து எண்ணணும்," என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மாத்திரை எண்ணும் நிதானத்தோடு பத்து எண்ணினாள். ஒரே மிதி. வண்டி அலறிக்கொண்டு எழுந்தது. நீலப் புகையில் மைதானத்தின் மூலை காணாமல் போனது. மேனேஜர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். குமட்டியதாகத் தெரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார் பேட்டரி.

"அறுபத்தியோரு பேர்கிட்ட பேசியிருக்கேன். ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல குழாயைப் பாருங்கன்னு அறுபத்தியோரு பேரும் சொன்னாங்க. மூடினது யாருன்னு நான் கேட்கலை." மேனேஜர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். "சரியா இருக்கான்னு பார்க்காம ஒரு சாமானைக் கைமாத்தி எனக்குப் பழக்கமில்ல."

ஏறினாள். கியர் போட்டாள். போய்விட்டாள்.

முதல் சுற்றில் கொஞ்சம் தயங்கினாள். இரண்டாவது சுற்றில் நிமிர்ந்தாள். மூன்றாவது சுற்றில் மைதானத்து ஓரத்தில் கிடந்த மண்குவியல் வழியாக வண்டி ஏறி, ஒரு கணம் வண்டிக்கும் பூமிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. பேட்டரிக்கு நெஞ்சு நின்று திரும்ப ஓடியது. அவள் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் மண். அந்த மண்ணுக்குள் அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பார்க்க அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கூடவே ஏனோ கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"விக்கறதா இல்ல," என்றாள்.

பேட்டரி குதிக்காத குறை. மேனேஜர்தான் கலங்கிப்போனார். "மேடம், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சு வாங்கவும்னு போட்டிருந்தது. நான் யோசிச்சிட்டேன். நானே எடுத்துக்கறேன்."

"நீயா?" என்றார் பேட்டரி. "அப்ப ஞாயித்துக்கிழமை?"

"நான் போவேன்."

"நான்?"

"யாராவது அளந்து கலக்கணுமே. லிட்டருக்கு ரெண்டரை மூடி. உங்க கை அளவு சரியா இருக்கும்னு உங்க அக்காவே சாட்சி." இடுப்புப் பையிலிருந்து ஒரு புது மூடியை எடுத்துக் கொடுத்தாள். மருந்துக்கடைச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தாள்: வெளி உபயோகத்துக்கு மட்டும்.

"எனக்கு ஒரு ரவுண்டாவது..."

"முதல்ல உங்க மேனேஜருக்கு. பாவம், ஹெல்மெட்டெல்லாம் கொண்டுவந்திருக்கார்."

இப்போதும் ஞாயிறு காலையில் அந்தத் தெருவில் நீலப் புகை எழும்புகிறது. மனைவி டர்ட் பைக்கை மைதானத்து வழியாக மண்மேட்டுக்கு ஓட்டிப் போகிறாள். ஒரு கையில் பெட்ரோல் கேன், சட்டைப் பையில் மூடி என்று பேட்டரி தன் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் பின்னாலேயே போகிறார். சத்தம் இல்லை, புகை இல்லை. அவர் வந்ததும் யாருக்கும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை.