சாம்பலக்காவும் வள்ளைக்கீரைத் தண்டும்

எதையும் எரித்துப் பார்க்காமல் நம்பாத பெண்மணி தூத்துக்குடியில் ஒருவர்தான்: எங்கள் சாம்பலக்கா. துறைமுகச் சாலை ஆய்வகமொன்றில் அவருக்கு வேலை. பெண்கள் விடுதியில் எனக்கு அடுத்த கட்டில். உணவுப்பொருளை மின்உலையில் சாம்பலாக்கி, அதிலுள்ள தாதுக்களை அளப்பது அவர் தொழில். பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை அவர் தாளில் மடித்தால், அது வயிற்றுக்குப் போகாது என்று அறிவோம்.

எனக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் உறக்கம் போனது அவருக்குத்தான். குளத்தில் விளையும் வள்ளைக்கீரையைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, சமையற்கார இசக்கியம்மாளிடம் உப்பில்லாத கூட்டு வைக்கச் சொன்னார். தினமும் உண்டேன். அழுத்தமோ இறங்க மறுத்தது.

பொறுக்காமல், நறுக்கி வைத்திருந்த கீரையில் இலையையும் தண்டையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். மாலையில் வெளிறிய முகத்தோடு வந்தார்.

“எலையில இரும்பு, கால்சியம்லாம் நல்லா இருக்கு. தண்டுலதான் சோடியம் கொட்டிக் கெடக்கு. ஏளா, நானே ஒனக்கு உப்ப அள்ளிப் போட்டிருக்கேன். தல சுத்துதா?”

“இல்லக்கா.”

“கண்ணு சொருவுதே.”

“ஒறக்கம் வருதுக்கா.”

“ஒறக்கமா, மயக்கமா?”

அந்தக் கேள்விக்குப்பின் எனக்கும் பயம் தொற்றியது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், இருந்தது.

காலையில், தண்டுகளைத் தூக்கியெறியச் சமையலறைக்குப் போனார். தண்டில் உப்பு என்று காரணம் சொன்னதும் இசக்கியம்மாள் விடவில்லை.

“கொழா மாதிரி தண்டு. உள்ள பூச்சி கெடக்கும்லா? அதுக்குத்தான கல்லுப்புத் தண்ணில ஊறப்போட்டு நறுக்குதேன்.”

“எலைய?”

“அதுக்கு வெறுந்தண்ணி போதும்.”

உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் கல்லுப்பை யார் அளந்து போடுகிறார்கள்? சாம்பலக்கா ஊறப்போடாத தண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதை வெறும் தண்ணீரில் கழுவி எரித்துப் பார்த்தார். பொட்டாசியம் மிகுதி; சோடியம் கொஞ்சமே.

ஊறவைப்பது நின்றபின், சில வாரங்களில் என் அழுத்தம் இறங்கியது. கருவியில் அதை மூன்று முறை அளந்து படித்தும் அவர் பதற்றம் தணியவில்லை. என் கையிலிருந்த பட்டையைக் கழற்றி அவர் புஜத்தில் சுற்றினேன். என்னுடையதைவிட மிக அதிகம் காட்டியது.

“மிஷின் கோளாறு,” என்றார்.

“மிஷின் நல்லாத்தான் கெடக்கு,” என்றாள் இசக்கியம்மாள். “ஊரார் நோவ எல்லாம் ஏத்திக்கிட்டா ஏறத்தான செய்யும்?”

மறுநாள் முதல் உப்பில்லாத கூட்டு இரண்டு தட்டுகளில் வந்தது. முதல் கவளத்திலேயே அவர் முகம் கோணியது. என் தட்டிலிருந்த வறுத்த தேங்காய்த் துருவலை அவர் பக்கம் ஒதுக்கி வைத்தேன்.